முசியே லெயோனின் அபிப்பிராயங்கள்

“துப்பறியும் கதைன்னு பேரு. கொலைகாரன் யாருன்னு பாதியிலேயே தெரிஞ்சு போவுது” என்று அந்தப் புத்தகத்தை ஒதுக்கி வைத்தார் லெயோன். “காதல் கதை பரவால்ல. ஆனா அந்தப் பொண்ணு அழுவுறதுக்கே நூறு பக்கம்.”

“பேய்க் கதை?”

“சிரிப்புத்தான் வருது.”

சைகோனில் கான் ஹொய் துறைமுகத்துக்குப் பக்கத்தில் லெயோனின் வாடகைப் புத்தகக் கடை. கேட்டுக்கொண்டு நின்றவர் பிரான்சுவா. லெயோனைப் போல அவரும் தகப்பன் வழியில் புதுச்சேரிக்காரர், சைகோன் போலீசில் வேலை. போன வாரம் இதே தெருவில் பள்ளிக்கூடம் முடித்த இரண்டு பையன்களைப் பட்டாளத்துக்கென்று வண்டியில் ஏற்றியதும் அவர்தான்.

லெயோனோ பல வருஷமாக ஒரு புத்தகத்தைக்கூட முழுதாகப் படித்ததில்லை. இந்த அபிப்பிராயமெல்லாம் பரணில் ஒளிந்திருக்கும் மகன் மொரீஸ் சோற்றுத் தட்டை வாங்கும்போது சொல்வது.

லெயோனைப் போலப் பிரெஞ்சுக் குடிமகனாக இருந்திருந்தால் மொரீசைப் பட்டாளத்துக்கு யாரும் பிடிக்க மாட்டார்கள். பிரெஞ்சுக்காரர் போன பிறகு அந்நியருக்குத் தொழில் கூடாது என்று சட்டம் வந்தபோது, கடையை மகன் பேருக்கு மாற்றிக் காப்பாற்ற, அவனைத் தாய் வழியில் வியட்நாமியனாக எழுதிக் கொடுத்தவர் லெயோன்தான். நினைக்கும்போதெல்லாம் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும் அவருக்கு.

“வீட்டுல எல்லாரும் சுகமா முசியே?” என்று பேச்சை மாற்றினார்.

“சுகந்தான். பையன் பள்ளிக்கூடம் முடிச்சிட்டான்.” பிரான்சுவா ஒரு சமையல் புத்தகத்தைப் புரட்டினார். “இதையுமா படிச்சீங்க?”

“படிச்சேன். பசியைக் கிளப்புது, அவ்ளோதான்.”

“கடையையும் பாத்துக்கிட்டு இத்தனையும் எப்ப முசியே படிக்கிறீங்க?”

லெயோன் சமையல் புத்தகத்தை வாங்கி அலமாரியில் செருகினார். ஏதோ சிரித்து வைத்தார்.

“சரி, வெளிய போவ முடியாம நாள் பூரா ஒரே எடத்துல அடைஞ்சு கெடக்கிற பையனுக்கு எது குடுக்கலாம்?”

தெரிந்துகொண்டுதான் கேட்கிறானோ மனுஷன். எதையாவது சொல்லி அனுப்பிவிட வேண்டும்.

“சரித்திரக் கதை குடுக்கலாம். தடியா இருக்கும், நாளு போவும்.” லெயோன் ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். “கடல் பயணக் கதை மட்டும் வேணாம் முசியே. கப்பல் சங்கு கேக்குற எடத்துல ஒக்காந்து அதைப் படிச்சிட்டு, ரெண்டு நாளா சோத்தைத் தொடல.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

பிரான்சுவா போய்க் கடைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். லெயோன் ஓடிப்போய்ப் பரண் ஏணிக்குக் குறுக்கே நின்றார். ஒரு தள்ளுத் தள்ளினால் விழுந்துவிடும் உடம்பு, அது இருவருக்குமே தெரியும்.

“தப்பு என்னுது. என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க. அவன் சின்னப் புள்ளைங்க, புத்தகத்தைத் தவிர எதையும் தொட்டதில்ல.”

பிரான்சுவா தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, பரணையே பார்த்துக்கொண்டு நின்றார். இதுவரை மரியாதைக்கு முசியே என்று அழைத்தவர் அருகில் வந்து லெயோனின் கையைப் பிடித்தார்.

“அண்ணே, மேல இன்னொரு புள்ளைக்கு எடம் இருக்குமா?”