வலிப்பே வராதவர்

எலக்ட்ரீஷியன் அறைக்குள் நுழைந்ததுமே மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளை டாக்டரின் மேசைமேல் விரித்தார்.

“படிங்க சார். வலிப்பு நோய்க்கான மருந்தாம்! எனக்கு என்னைக்காவது வலிப்பு வந்திருக்கா? ரெண்டு வருஷமா தப்பான மாத்திரையை முழுங்க வெச்சிருக்கீங்க!”

“முதல்ல உட்காருங்க.”

உட்கார அவருக்கு ஏது நேரம்? சன்னலுக்கும் சுவருக்குமாக நடந்துகொண்டே பேசினார்.

“படிச்ச அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டேன். இப்பதான் மூளையே வேலை செய்யுது. தெருவுல ஆறு வீட்டுக்குச் சும்மாவே ஒயரிங் மாத்திக் கொடுத்தாச்சு. பொண்டாட்டிதான் என்னைப் பார்த்தாலே அழறா. மருந்து அவளுக்குக் குடுங்க.”

“ஆரம்பத்திலேயே சொன்னேனே, உங்களுக்கு இருக்கிறது பைபோலார்ங்கிற மனநிலைக் கோளாறுன்னு. வலிப்பை அடக்குற அதே மருந்துதான் மனசு தலைகால் தெரியாம ஏறாமலும், ஒரேயடியா இறங்காமலும் பிடிச்சு வைக்குது.”

“என் மனசுக்கு என்ன சார்? ஜம்முனு இருக்கு!”

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு அவர் மனைவி மூச்சிரைக்க உள்ளே வந்தாள். அவள் ஒரு கையில் அவருடைய சட்டை, இன்னொரு கையில் அவருடைய செருப்பு.

“ஒன்பது நாளா ஒழுங்கான தூக்கமே இல்ல டாக்டர். வேலை செஞ்சுட்டே இருந்தவர் திடீர்னு கிளம்பி எட்டு கிலோமீட்டர் இப்படியே நடந்து வந்துட்டாரு.”

எலக்ட்ரீஷியன் குனிந்து தன்னைப் பார்த்தார். வெற்று மார்பு. கொப்புளம் வெடித்து ரத்தம் கசியும் பாதங்கள். நடந்த இடமெல்லாம் தரையில் சிவப்புத் தடம்.

மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

“வலிக்குதும்மா,” என்றார் மனைவியிடம்.