பலாப்பழம் தூக்கிய சுருள்வில் தராசு

என் மீசைமேல் சத்தியம், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை! பள்ளிக்கூடத்துச் சுருள்வில் தராசு, வீம்புக்கு ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக் காட்டித் தன் சுருளை நீளவிட்டுக் கெடுத்துக்கொண்டது.

மறுநாள் ஏழாம் வகுப்பில், ஒரு கிலோ கல்லைத் தராசில் மாட்டிச் சாய்தளப் பலகைமேல் இழுத்தார் டீச்சர். சரிவில் விசை குறைய வேண்டும்; முள்ளோ ஒரு கிலோவையும் தாண்டி நின்றது.

"இந்தப் பலகை உதவாது. சத்துணவு அடுப்புல போடுங்க."

"அண்ணே, கோளாறு உங்ககிட்டன்னு சொல்லுங்க. என்னை எரிச்சிடுவாங்க!" என்று பலகை கெஞ்சியது. மானம் போகுமே என்று தராசு வாய் திறக்கவில்லை.

கல்லைக் கழற்றிய பிறகும் முள் மேலே சுழியத்துக்கு ஏறவில்லை. அடுப்புக்குத் தூக்கிப் போகையில், வாசல் தாண்டும்போது பலகை கேட்டது: "கொக்கியில ஒண்ணுமே இல்லையே அண்ணே, இன்னும் எதைச் சுமக்குறீங்க?"

தராசு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது.

யார் சொன்னது என்று கேட்டால், என் பேரை மட்டும் சொல்லித் தொலைக்காதீர்கள்.