ஒரே பிரதி

"இந்தப் படத்துல இருக்கிறவங்களோட வேற எந்தப் படமும் இனி உலகத்துல இருக்காது சார். அதுக்குத்தான் இந்த விலை," என்றார் கேலரிக்காரர். புகைப்படத்தில், மழையில் பேருந்துக்காகக் காத்து நிற்கும் கூட்டம். தன் சேகரிப்பிலேயே இதுதான் உசத்தி என்று பூரித்துப்போய் மாசிலாமணி காசோலையில் கையெழுத்திட்டார்.

வீட்டில் அதை மாட்டி முடித்தபோது மகள் அழைத்தாள்.

"அப்பா, என் போன்ல அம்மா படம் ஒண்ணுகூட இல்லப்பா!"

மாசிலாமணி திரும்பிப் பார்த்தார். இறந்துபோன மனைவியின் மாலை போட்ட படத்தில் வெறும் வெள்ளைத்தாள் இருந்தது.

பூதக்கண்ணாடியைப் புதுப் படத்தின்மேல் வைத்து ஒவ்வொரு ஆளாகத் தேடினார். கூட்டத்தின் பின்னால், கிழிசலை அவரே சிவப்பு நூலால் தைத்துக் கொடுத்த குடை தெரிந்தது. அதைப் பிடித்திருந்த கையில் அவளுடைய வளையல்.

முகத்தைக் குடை மறைத்திருந்தது.