ஒரு கை குறைந்த ஞாயிறு

யூக்கர் சீட்டாட்டம் முடிந்ததும் மாவிஸ் தன் காப்பிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மதியத் தூக்கத்துக்குப் போனாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

மகள் லோர்னாவுக்கு அந்த ஆட்டத்தைப் பற்றித்தான் கவலை. அதற்கு நாலு பேர் வேண்டும், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நின்றுபோனால் அம்மா முழுசாகப் போய்விடுவாள் என்று அவளுக்குப் பட்டது.

அடக்கம் முடிந்து வந்த ஞாயிறு, அவள் மகள் டெஸ் பழக்கதோஷத்தில் நாலு பேருக்கும் சீட்டுப் போட்டாள்.

"ஏண்டி, ஒரு கை குறையுதே."

"போட்டாச்சும்மா. ஆடுங்க."

ஆடினார்கள். லோர்னாவின் கணவன் டெல்மர் கண்டபடி துருப்பை இறக்கினான்.

"அம்மா இல்லன்னதும் ரொம்பத்தான் துள்ளுற," என்றாள் லோர்னா.

"அத்தை இருந்தா மேஜைக்கடியில என் காலை மிதிப்பாங்க. இப்பத்தான் விடுதலை," என்று அவன் ஓர் ஏஸைத் துருப்பால் வெட்டினான்.

"கூட்டாளியோட ஏஸையே வெட்டுறியேப்பா!" என்றாள் டெஸ்.

மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் டெல்மர் எதிரே பார்த்தான். மாவிஸின் நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு முன்னால் மேஜையில் அந்த ஏஸ் நிமிர்ந்து கிடந்தது.

டெல்மர் மெதுவாகக் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"மன்னிச்சிருங்கத்தே," என்றான்.

பிறகு அவன் அடுத்த சீட்டை இறக்கினான். லோர்னாவும் இறக்கினாள். மூவரும் காத்திருந்தார்கள். அம்மா எப்போதுமே யோசித்துத்தான் ஆடுவாள்.