மட்டாஞ்சேரிக் கருங்காலி

"வழி விடுங்கடா! பிரின்சிபாலோட செல்ல மாணவி எழுந்தருளறா!"

பரீத் கத்தியதும் மட்டாஞ்சேரிப் படகுத் துறையில் நின்ற மாணவர்கள் இரு பக்கமும் ஒதுங்கி, மகாராணிக்குக் குனிவதுபோல் குனிந்தார்கள். சுல்ஃபத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கல்லூரி இருக்கும் எறணாகுளத்துக்குப் போகும் படகில் தனியாக ஏறினாள்.

"கருங்காலி!"

"ஆமா, கருங்காலிதான்! உங்க சமரத்தை நம்பி என் பரீட்சைய விட முடியாது. போங்கடா!" படகிலிருந்தே திருப்பிக் கொடுத்தாள்.

அவள் பி.ஏ. கடைசி வருடம். வகுப்பு நாட்களில் முக்கால் பங்காவது வந்திருந்தால்தான் பரீட்சை எழுதலாம் என்பது பல்கலைக்கழக விதி. இந்த வருடம் அம்மா படுக்கையில் கிடந்த மாதங்களில் சுல்ஃபத் வீட்டைவிட்டு நகர முடியவில்லை. குறைவை மன்னிக்க விதியிலேயே இடம் உண்டு. ஆனால் படிப்பு முடிவதற்குள் ஒரே ஒரு தடவைதான். அந்தத் தடவையை அவள் போன வருடமே செலவழித்துவிட்டாள். பிரின்சிபால் கையை விரித்துவிட்டார்.

அடுத்த வருடம் எழுதலாம் என்று அவருக்குச் சொல்வது எளிது. பாலக்காட்டு மாப்பிள்ளை வீட்டுக்கு அத்தா வாக்குக் கொடுத்தாயிற்று. பெருநாள் கழிந்தால் நிக்காஹ். இந்த வருடம் எழுதாவிட்டால் பட்டம் என்பதே கிடையாது.

மாணவர் சங்கத் தலைவன் பரீத், எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி மனுக் கொடுக்கலாமா என்று கேட்டு வந்தான். அவள் முகத்திலடித்தாற்போல் சொன்னாள்: "எனக்காக யாரும் போய்க் கெஞ்ச வேண்டாம். பிச்சை எடுத்து வாங்கற பட்டம் எனக்கு எதுக்கு?"

அதன் பிறகு அவன் அவளோடு பேசுவதில்லை. சில நாளில் யாரும் வகுப்புக்குப் போகக் கூடாது என்று சமரம் தொடங்கிவிட்டது. ஆங்கிலத்தில் கொஞ்சத்தில் தோற்றவர்களுக்குக் கல்லூரி கருணை மதிப்பெண் போட வேண்டுமாம். மதிப்பெண் போடுவது பல்கலைக்கழகம். பிரின்சிபால் நினைத்தாலும் முடியாத காரியம். ஆனாலும் ஆங்கிலத்தில் தோற்றே அறியாத கமலாக்ஷிகூடக் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நின்றாள்.

சமரம் என்றால் பிரின்சிபாலிடம் எப்போதும் ஒரே மருந்துதான். இந்த முறையும் மறுநாளே அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்: சமர நாட்களில் வகுப்புக்கு வருபவர்களுக்கு ஒரு நாளுக்கு இரண்டு நாள் வருகை.

வந்தது சுல்ஃபத் மட்டும்தான்.

சரித்திர விரிவுரையாளர் சங்கரலிங்கம் எல்லாப் பெயர்களையும் ஒன்று விடாமல் கூப்பிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் காலி பெஞ்சுகளை ஒரு பார்வை பார்த்தார். "சுல்ஃபத்" என்றபோது அவள் எழுந்து "பிரசென்ட் சார்" என்றாள்.

"உக்காரு. வகுப்பு இவ்வளவு ஒழுங்கா என் சர்வீஸ்லயே இருந்ததில்லே," என்றார் அவர்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பி வரும்போது துறையில் கமலாக்ஷி எதிர்ப்பட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகப் படித்தவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அதுதான் சுல்ஃபத்தை உடைத்துவிட்டது. கத்துகிறவர்களோடு சண்டை போடலாம்; பேசாமல் போகிறவளை என்ன செய்வது?

மறுநாள் காலை அவள் புத்தகம் இல்லாமல் துறைக்கு வந்தாள்.

"பரீத், நான் இன்னைக்குப் போகல்லே. நானும் உங்களோட நிக்கறேன்."

கூட்டம் சட்டென்று அடங்கியது. பரீத்தின் முகத்தில் ஒரு கணம் ரத்தமே இல்லை. பிறகு பெரிதாகச் சிரித்தான்.

"கேட்டீங்களாடா? பேடிச்சுட்டா! நாலு கூக்குரலுக்குத் தாங்கல்லே. இவதான் யாருகிட்டேயும் கெஞ்ச மாட்டேன்னு வீறாப்புப் பேசினவ!"

"நான் யாருக்கும் பயப்படல்லே."

"பின்னே எந்தினா இங்கே வந்து நிக்கறே? கருங்காலிக்கு எங்க கூட்டத்திலே இடம் இல்லே. போய் நிக்காஹுக்குக் கையிலே இட்டுக்க மைலாஞ்சி அரைக்கிற வேலையப் பாரு!"

"மைலாஞ்சியா?" சுல்ஃபத்தின் காது சிவந்தது. "பாரு, இப்ப பாரு. நீ தொண்டை வறண்டு சாகற வரைக்கும் நான் தினமும் இந்தப் படகிலே போவேன். உன் சமரம் மண்ணாப் போகட்டும்!"

படகின் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். அவள் இடைவெளியைத் தாண்டிக் குதித்து ஏறினாள். பின்னால் கூச்சல் காதைப் பிளந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு நாளும் தவறவில்லை. புத்தகங்களை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கூக்குரலுக்கு நடுவே இன்னும் மெதுவாக நடந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சமரம் திடீரென்று நின்றுவிட்டது. கருணை மதிப்பெண்ணும் இல்லை, பேச்சுவார்த்தையும் இல்லை. பிரின்சிபால் வராந்தாவில் மார்பை நிமிர்த்தி நடந்தார். "என்கிட்டேயா விளையாட்டு?" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார்.

அடுத்த வாரம் பரீட்சை எழுதத் தகுதி பெற்றவர்களின் பெயர்கள் அறிவிப்புப் பலகைக்கு வந்தன. சுல்ஃபத்தின் பெயரும் இருந்தது. அவள் நேராகப் பரீத்திடம் போனாள். பக்கத்தில் கமலாக்ஷியும் நின்றிருந்தாள்.

"என்ன தலைவரே, கொடியெல்லாம் சுருட்டியாச்சா? யார் தயவும் இல்லாம நான் பரீட்சை எழுதப் போறேன். உங்க சமரம்தான் தோத்துப் போச்சு!"

"யார் சொன்னது?" என்றான் பரீத். "உனக்கு முக்கால் பங்கு வருகை தெகஞ்சுதுன்னு கமலாக்ஷி கணக்குப் பாத்துச் சொன்ன அன்னைக்குத்தானே நாங்க சமரத்தையே நிறுத்தினோம்!"