சிந்தாத தண்ணீர்

மூன்று தடவையும் அதே சீட்டுதான் வந்தது. இறக்கை முளைத்த ஒருத்தி, ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றில் தண்ணீர் ஊற்றுகிறாள்.

"நிதானம்னு அர்த்தம். ரெண்டு பேரும் விட்டுக்கொடுத்தா குடும்பம் நிக்கும்" என்றாள் குறி சொல்ல வந்த சீட்டுக்காரி. அவளை அனுப்பியதே மாப்பிள்ளையின் அக்காள்தான். என் மகள் தமயந்தி தலையாட்டினாள். அவன் அடித்ததில் கிழிந்த புருவத்துக்கு இன்னும் தையல் பிரிக்கவில்லை. அதற்குள் அவனிடம் திரும்பிப் போகப் பையைக் கட்டி வைத்துவிட்டாள்.

சீட்டை வாங்கிப் பார்த்தேன். நாற்பது வருஷம் டீ ஆற்றிய கை என்னுடையது.

"கீழ்க் கோப்பை அந்தாண்ட தள்ளி இருக்கு. தண்ணி எப்படிம்மா கோணலா அங்க போவும்?"

"இது டீக்கடை இல்ல பெரியவரே."

"எந்தக் கடையா இருந்தாலும் தண்ணி கீழதான் விழும்."

தமயந்தி எழுந்துபோய் இரண்டு டம்ளர் எடுத்துவந்தாள். படத்தில் இருப்பதுபோலவே தள்ளிப் பிடித்து ஊற்றினாள். அத்தனையும் தரையில் கொட்டியது. மறுபடி மொண்டுவந்து ஊற்றினாள். தண்ணீர் தரையில் விரித்திருந்த சீட்டுகளையும் கட்டி வைத்த பையையும் நோக்கிப் பரவி வந்தது. சீட்டுக்காரி அவசரமாகத் தன் சீட்டுகளை வாரிக்கொண்டாள்.

நனையும் பையை யாரும் நகர்த்தவில்லை.