கழுகுக் கேடயம்

வாரிசில்லாத குலத்தின் கேடயத்தைச் சவப்பெட்டியின் மேல் வைத்து உடைப்பது அந்தப் போலந்துச் சிற்றரசின் வழக்கம். ஒரே மகனின் சவப்பெட்டி முன்னால் கிழவர் டோபிஸ்லாவ் முதுகு வளையாமல் நின்று சம்மட்டியை ஓங்கினார். எந்த அரசனுக்கும் பணியாத குலத்தின் வெள்ளைக் கழுகு கேடயத்தில் சிறகு விரித்திருந்தது.

“உடைக்காதீங்க மாமா,” என்றாள் மருமகள் யாட்விகா. “குலம் அழியல. எனக்கு இது மூணாம் மாசம்.”

ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. மகன் போருக்குப் போய் இரண்டு கோடை கடந்திருந்தது. நேற்றுதான் பிணமாக வந்தான்.

“கனவுல வந்து போயிருப்பான்,” என்றார் பின்வரிசையிலிருந்து பங்காளி ஒருவர். யாரும் சிரிக்கவில்லை.

“தள்ளிப் போம்மா,” என்றார் டோபிஸ்லாவ்.

யாட்விகா முன்னால் வந்து, சம்மட்டிக்கு நேர் கீழே, கழுகின் மேல் தன் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.